டூயல் பூட்ல டிஃபால்ட் ஏன் நிக்க மாட்டேங்குது: உங்க கேள்விகளுக்கு பதில்

கே: ஒரே கம்ப்யூட்டர்ல லினக்ஸும் விண்டோஸும் வெச்சிருக்கேன், ஆன் பண்ணதும் எதுனு கேக்கற க்ரப் மெனுல டிஃபால்ட் 2-னு போட்டு விண்டோஸ் வர்ற மாதிரி வெச்சிருந்தேன் சார், அப்டேட் போட்டதும் வேற ஏதோ பூட் ஆகுது.

ப: நம்பர் போட்டா இப்படித்தான். க்ரப் 0-ல இருந்து எண்ணும், மேல புதுசா ஒரு கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) என்ட்ரியோ மெம்டெஸ்ட் (ரேம் சோதனை) என்ட்ரியோ வந்து உக்காந்துட்டா நீங்க சொன்ன 2 வேற ஆளாயிடும். பேரை போடலாம், ஆனா விண்டோஸ் என்ட்ரி பேர்லயே எந்த பார்ட்டிஷன்ங்கறதும் ஒட்டிக்கிட்டிருக்கும், புது டிஸ்க் மாட்டினா அதுவும் மாறலாம். அதனால ஐடி தான் பெஸ்ட். க்ரப் கான்ஃபிக் ஃபைலை (grub.cfg) திறந்து விண்டோஸ் வரியை பாருங்க, ஓஎஸ்ப்ரோபர்-இஎஃப்ஐ-னு ஆரம்பிச்சு யூயூஐடியோட (பார்ட்டிஷனோட தனி அடையாள எண்) முடியும், அதை அப்படியே காப்பி பண்ணி /etc/default/grub ஃபைல்ல இருக்கற க்ரப் டிஃபால்ட் (GRUB_DEFAULT) வரில போட்டு அப்டேட்-க்ரப் கமாண்டை ஓட்டுங்க. பார்ட்டிஷனை ஃபார்மேட் பண்ணாத வரைக்கும் அசையாது. முதல்ல திறந்த grub.cfg ஃபைல்லயே கை வெக்காதீங்க, அடுத்த அப்டேட்ல அழிஞ்சிடும்.

கே: டிஃபால்ட் வரில சேவ்டுனு (GRUB_DEFAULT=saved) போட்டும் கடைசியா செலக்ட் பண்ணது ஞாபகம் இருக்க மாட்டேங்குது.

ப: சேவ்டிஃபால்ட் ட்ரூங்கற (GRUB_SAVEDEFAULT=true) வரியும் சேர்த்தீங்களா? அது இல்லேன்னா க்ரப் படிக்கும், எழுதாது. இருந்தும் வேலை செய்யலேன்னா பூட் ஃபோல்டர் எல்விஎம்லயோ (டிஸ்க்கை பிரிச்சு வெக்கற ஒரு முறை) பிடிஆர்எஃப்எஸ்லயோ (ஒரு வகை ஃபைல் சிஸ்டம்) இருக்கானு பாருங்க, பூட் ஆகற நேரத்துல க்ரப்பால அங்க எழுத முடியாது. என்னைக் கேட்டா அந்த ரெண்டாவது வரியே வேணாம், சேவ்டு மட்டும் வெச்சு க்ரப்-செட்-டிஃபால்ட் கமாண்ட்ல நீங்களே சொல்லிடுங்க, வீட்ல யாரோ ஒரு தடவை மாத்தி செலக்ட் பண்ணாங்கன்னு டிஃபால்ட் ஓடிப்போகாது.

கே: விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் மெனுவே வரல!

ப: இது க்ரப் பிரச்சனையே இல்ல, யூஇஎஃப்ஐ (ஆன் பண்ணதும் முதல்ல ஓடற மதர்போர்டு சாஃப்ட்வேர்) பூட் ஆர்டர்ல விண்டோஸ் பூட் மேனேஜர் முதல் இடத்துக்கு வந்திருக்கும். பயாஸ் செட்டிங்க்ஸ்ல போய் லினக்ஸை மேல தூக்குங்க, இல்லேன்னா லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கமாண்ட்ல ஆர்டர் மாத்துங்க. க்ரப்பை ரீஇன்ஸ்டால் பண்ண அவசரப்படாதீங்க, அது டிஸ்க்ல பத்திரமா தான் இருக்கும்.

கே: மெனுல விண்டோஸ் மட்டும் காணோம்.

ப: 2021-ல வந்த க்ரப் 2.06-ல இருந்து ஓஎஸ்-ப்ரோபர் (மத்த ஓஎஸ்களைத் தேடி மெனுல சேர்க்கற புரோகிராம்) டிஃபால்ட்டாவே ஆஃப். /etc/default/grub-ல டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர் ஃபால்ஸ்னு (GRUB_DISABLE_OS_PROBER=false) வரி சேர்த்து திரும்ப அப்டேட்-க்ரப்.

கே: ஒரே ஒரு தடவை மட்டும் விண்டோஸ் போகணும், டிஃபால்ட் மாறக்கூடாது.

ப: க்ரப்-ரீபூட், பக்கத்துல அதே ஐடி. அப்புறம் சாதாரணமா ரீஸ்டார்ட். ஆனா மேல சொன்ன எல்விஎம் கேஸ்னா அந்த ஒரு தடவையை அழிக்க முடியாம ஒவ்வொரு தடவையும் விண்டோஸுக்கே போயிட்டிருக்கும், பாத்துக்கோங்க.