பிட்ஸ்பர்க்கா, ராலியா? வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க்கில் ஓர் அட்மிஷன், வட கரோலினா மாநிலத்து ராலியில் ஓர் அட்மிஷன். பாடத்திட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஊரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தவிக்கும் பெற்றோருக்காக இது. கல்விக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கட்டணம் குறைந்த இடத்துக்கு அனுப்புங்கள், ஊர் பழகிவிடும்.

இரண்டுமே நம் மதுரையைவிடச் சிறிய ஊர்கள். 2020 கணக்கெடுப்பில் பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் மூன்று லட்சம் பேர், ராலியில் நான்கே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வளர்ந்த விதம் வேறு. பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளால் பெருகி, 1950இல் ஆறே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்து, ஆலைகள் மூடியபின் சுருங்கிய ஊர். ராலி 1959இல் தொடங்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற ஆராய்ச்சி, அலுவலக வளாகத்தோடு சேர்ந்து பெருத்த ஊர். சுருக்கமாக, முன்னது வீட்டுக்கு வீடு கார் வருமுன் கட்டியது, பின்னது கார் வந்தபின் பரவியது. பிள்ளையின் மாதச் செலவில் பாதி வித்தியாசம் இதிலிருந்துதான் வருகிறது.

பிட்ஸ்பர்க்கில் இரண்டு வருடமும் கார் இல்லாமல் ஓட்டிவிடலாம். பிட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஓக்லேண்ட் பகுதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்த மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி நகரப் பேருந்தில் போகலாம், தனியாக டிக்கெட் இல்லை. விமான நிலையத்திலிருந்து 28எக்ஸ் பேருந்து நேராக ஓக்லேண்ட் வரும். ஸ்குவிரல் ஹில், ஷேடிசைடு, கிரீன்ஃபீல்டு பகுதிகளில் வீடு பார்த்தால் 61, 71 எண் வரிசைப் பேருந்துகள் எந்தத் தெரு வழியாகப் போகின்றன என்று முதலில் பாருங்கள். நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதைக் கூகுள் மேப்பில் அளந்தால் மட்டும் போதாது, ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஊரின் கேன்டன் அவென்யூ சரிவு 37 சதவீதம்! அவ்வளவு இல்லாவிட்டாலும், அரை மைல் மலையேற்றத்தில் ஜனவரி மாதப் பனிக்கட்டியும் சேர்ந்தால் பிள்ளை வகுப்புக்குப் போகவே அலுத்துக்கொள்ளும்.

ராலியில் என்.சி. ஸ்டேட் (வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்) மாணவர்களுக்கு உல்ஃப்லைன் என்ற கல்லூரிப் பேருந்து உண்டு. ஏவன்ட் ஃபெரி சாலை, கோர்மன் தெருப் பக்கம் தங்கினால் முதல் வருடம் கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் விடுமுறை நாள்களில் அந்தப் பேருந்துகள் குறைந்துவிடும், மளிகைக்கே யாருடைய காரிலாவது ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். உண்மையான சிக்கல் இன்டர்ன்ஷிப்பில் வருகிறது. டிரையாங்கிள் பார்க் சுமார் 7,000 ஏக்கர், காட்டுக்குள் அங்கங்கே அலுவலகங்கள். பக்கத்து ஊர்களான கேரியில் சாஸ் மென்பொருள் கம்பெனி, மாரிஸ்வில்லில் லெனோவோ என்று வேலை கிடைக்கும் இடமெல்லாம் கல்லூரியிலிருந்து தள்ளியே இருக்கிறது. எனவே முதல் கோடைக்குள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஏப்ரலில் ஆஃபர் வந்தபின் ஓட்டக் கற்கலாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வட கரோலினாவில் எழுத்துத் தேர்வு, சாலைக் குறியீட்டுத் தேர்வு, ஓட்டிக்காட்டும் தேர்வு மூன்றும் உண்டு. லைசென்ஸ் வாங்கவே இன்சூரன்ஸ் சான்று (டிஎல்-123 படிவம்) கேட்பார்கள். அது இல்லாமல் போய்த் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். முன்பதிவு கிடைப்பதும் தாமதமாகும், ஆகையால் முதல் செமஸ்டர் முடியும்போதே நாள் பிடிக்கச் சொல்லுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் பழைய கொரோலாவோ சிவிக்கோ 10,000 டாலரைச் சுற்றி வரும். பெயர் மாற்றும்போது 3 சதவீத வரி, அதாவது 300 டாலர். இன்சூரன்ஸ், பெட்ரோல், பராமரிப்புக்கு மாதம் 300 டாலர் என்று போட்டுக்கொள்ளுங்கள். "ராலியில் வாடகை ஐம்பது டாலர் குறைவு" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

வேலை கிடைத்தபின் தட்டு சற்று மறுபக்கம் சாய்கிறது. பென்சில்வேனியா மாநில வருமான வரி 3.07 சதவீதம். பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் குடியிருந்தால் நகரத்துக்கும் பள்ளி மாவட்டத்துக்குமாக இன்னும் 3 சதவீதம், நகர எல்லைக்குள் வேலையும் பார்த்தால் அதற்கு மேல் ஆண்டுக்கு 52 டாலர். வட கரோலினாவில் 2026 முதல் 3.99 சதவீதம், அதோடு சரி, ஊர் வருமான வரி கிடையாது. கழிவுகளை விட்டுவிட்டு 80,000 டாலர் சம்பளத்துக்குக் கணக்கிட்டால் பிட்ஸ்பர்க்கில் 4,908, ராலியில் 3,192. மாதத்துக்கு 143 டாலர் வித்தியாசம், கார்ச் செலவில் பாதிகூட இல்லை. பிட்ஸ்பர்க்கில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளூர் வரிக்குத் தனி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். மத்திய, மாநில ரிட்டர்னோடு முடிந்தது என்று விட்டுவிட்டால் பிறகு அபராதத்தோடு கடிதம் வரும். டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) சம்பளம் வாங்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

வீடு பிடிப்பதிலும் இரண்டு ஊருக்கும் இரண்டு வழி. பிட்ஸ்பர்க்கில் பெரும்பாலும் பழைய செங்கல் வீடுகள், தனி உரிமையாளர்கள். ஓக்லேண்டில் லீஸ் ஆகஸ்ட் தொடங்கி ஜூலையில் முடிவது வழக்கம், நல்ல வீடுகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். பழைய ஜன்னல் இடுக்கில் காற்று புகுந்தால் ஜனவரி, பிப்ரவரி கேஸ் பில் எகிறும். ஆகவே வாடகையில் ஹீட்டிங் அடங்குமா என்று கேட்டு, இல்லையென்றால் போன குளிர்கால பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ராலியில் அபார்ட்மென்ட் வளாகங்களும் நிர்வாகக் கம்பெனிகளும் அதிகம். விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிரெடிட் வரலாறும் இல்லாத புது மாணவரிடம் கூடுதல் முன்பணம் கேட்கலாம். எந்த ஊராக இருந்தாலும் லீஸ் தனித்தனியா, கூட்டா என்று பாருங்கள். கூட்டு லீஸில் நான்கு பேரில் ஒருவன் பாதியில் கிளம்பினால் அவன் பங்கை மற்ற மூவர்தான் கட்ட வேண்டும். நண்பனாயிற்றே என்று கையெழுத்துப் போடும் இடம் இது.

வேலைச் சந்தையை உள்ளூர்க் கம்பெனிகளை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி.யில் அமெரிக்காவில் எந்த ஊரிலும் வேலை பார்க்கலாம். ஊர் உதவுவது கோடை இன்டர்ன்ஷிப்புக்குத்தான். ரோபோ, தானியங்கி வாகனம், மருத்துவமனை மென்பொருள், வங்கித் தொழில்நுட்பம் என்றால் பிட்ஸ்பர்க். டுவோலிங்கோ, ஆரோரா, பி.என்.சி. வங்கி, யு.பி.எம்.சி. மருத்துவமனைக் குழுமம் எல்லாம் அங்கே. ஆனால் அங்குள்ள ரோபோ வேலைகளில் ராணுவ ஒப்பந்தம் சார்ந்தவையும் உண்டு. விளம்பரத்தில் "யு.எஸ். பெர்சன்" (அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்றோர்) என்று போட்டிருந்தால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் விண்ணப்பிப்பது வீண். உயிரித் தொழில்நுட்பம், மருந்து உற்பத்தி, எண்டர்பிரைஸ் மென்பொருள் படிப்பவருக்கு ராலி பக்கம் வாய்ப்பு அகலம். பயோஜென், ரெட் ஹேட், சிஸ்கோ, ஐ.பி.எம். அங்கே இருக்கின்றன. பயோடெக் மாணவி என்றால் கார்ச் செலவைப் பொறுத்துக்கொண்டு ராலிக்கு அனுப்புவதே சரி. கடன் நெருக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவருக்கு பிட்ஸ்பர்க்.

சாப்பாடு, கோயில் பற்றிக் கேட்காத அம்மா இல்லை. கேரி, மாரிஸ்வில் பக்கம் இட்லி மாவு முதல் கறிவேப்பிலை வரை கிடைக்கும், கேரி வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு 87 அடி ராஜகோபுரமே உண்டு. பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் 1970களில் குடமுழுக்குக் கண்டது, அமெரிக்காவின் முதல் இந்துக் கோயில்களில் ஒன்று.

குளிருக்கு பிட்ஸ்பர்க்கில் இரவு மைனஸ் ஐந்து, ஆறு சாதாரணம். அதைவிட வெயிலே காணாத மேகமூட்டம்தான் நம் பிள்ளைகளை வாட்டுகிறது. ராலியில் பனி அபூர்வம். விழுந்தால் ஊரே முடங்கும், வீட்டில் இரண்டு நாள் உணவு இருக்க வேண்டும். தடித்த கோட்டை இங்கே வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். பென்சில்வேனியாவில் அன்றாட உடைக்கும் காலணிக்கும் விற்பனை வரி இல்லை. நவம்பர் தள்ளுபடி வரை தாங்க ஒரு நடுத்தர ஜாக்கெட் போதும்.

அட்வான்ஸ் அனுப்புமுன் உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் வீட்டைப் பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், ஜன்னலை மூடித் திறக்கச் சொல்லுங்கள், தெருவுக்கு வந்து கதவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். தயங்குபவருக்கு ஒரு டாலரும் போகக்கூடாது, ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது அநேகமாக முடியாது.