மூடுற பட்டன் எங்கே போச்சு?

கே: பழைய லேப்டாப், விண்டோஸ் 8. பிடிஎஃப்பைத் திறந்தால் திரை முழுக்க அடைத்துக்கொள்கிறது. மூட எக்ஸ் குறியே இல்லையே?

ப: அவசரத்துக்கு ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். மவுஸ்தான் வசதி என்றால், அம்பைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோங்கள்; கை வடிவத்துக்கு மாறும். அழுத்திப் பிடித்து, கீழ் விளிம்பு வரை இழுத்து விட்டால் மூடிவிடும். டேப்லெட்டில் விரலால் வழிப்பதற்காக யோசித்தது இது. 2012-ல் வந்த விண்டோஸ் 8, தொடுதிரை இல்லாத கணினி தலையிலும் இதையே கட்டியது. ஸ்டார்ட் பட்டனையும் பிடுங்கிவிட்டது. 2013-ல் 8.1 வந்தபோது பட்டன் திரும்பியது. எக்ஸ் குறி தெரிய ஆரம்பித்தது அதற்கும் அடுத்த வருட அப்டேட்டில்தான். ஆப்கள் சாதாரண ஜன்னல்களாகத் திறந்ததோ 2015-ல், விண்டோஸ் 10-ல்!

நிரந்தர வழி: டெஸ்க்டாப்புக்கான பிடிஎஃப் ரீடர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓபன் வித்' வழியாக அதையே டீஃபால்ட் ஆக்குங்கள். அப்புறம் ஒன்று: 8.1-க்கே 2023 ஜனவரி 10-ஓடு பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

கே: விண்டோஸ் 11 செட்டிங்ஸில் ஸ்க்ரோல்பார் முடி மாதிரி மெலிகிறது. என் அப்பாவுக்குக் கண்ணிலேயே படவில்லை.

ப: போனில் விரலால் தள்ளிவிடுகிறோம், பட்டை தேவையில்லை. மவுஸில் பிடித்து இழுக்கிறவருக்குத் தேவை. செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால் முதல் ஸ்விட்சே 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்'. ஆன் செய்துவிடுங்கள்.

கே: மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ் ஐபோன் மாதிரி நீளப் பட்டியலாகிவிட்டது. எதுவும் கிடைக்கவில்லை.

ப: 2022-ல் வென்ச்சுரா என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு வந்த மாற்றம். பழைய ஐகான் கட்டங்கள் திரும்பாது. மேலே மெனு பாரில் 'வியூ'வைத் திறந்து பாருங்கள், எல்லாம் அகர வரிசையில் இருக்கும். பலர் கவனிப்பதே இல்லை.

கே: விண்டோஸ் 11-ல் ஓடிய ஆண்ட்ராய்டு ஆப்கள் என்னவாயின?

ப: 2025 மார்ச் 5-ஓடு மைக்ரோசாஃப்ட் அந்த வசதிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதே சேவைக்கு வலைத்தளம் இருந்தால் எட்ஜ் பிரவுசரில் திறந்து, மெனுவில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். தனி ஜன்னலில் திறக்கும், எக்ஸ் குறியோடு.