சுவரொட்டியிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். திரைப்பட மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு ஊடக மொழி பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். குளோசப், லோ ஆங்கிள், பின்னணி இசை, தலைப்பு என்று எதைக் கேட்டாலும் விளக்கத்தை ஒப்பித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு ஜல்லிக்கட்டு வீடியோவுக்குப் பாதி வகுப்பு கைதட்டியது. அதே மாடு வரும் வேறொரு வீடியோவைப் போட்டேன், எல்லோரும் முகம் வாடிவிட்டார்கள். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால், "மாடு பாவம் டீச்சர்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. மனப்பாடம் செய்த சொல் ஒன்றும் அங்கே உதவவில்லை. எங்கிருந்து தொடங்குவது? இன்னொரு பயமும் உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டு "எல்லாமே பொய்" என்று முடிவுகட்டிவிட மாட்டார்களா?

ம., மேலூர்

அன்புள்ள ம.,

உங்கள் பிள்ளைகளுக்கு இந்த மொழி ஏற்கெனவே தெரியும். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே, ஓர் எழுத்தும் படிக்காமல், அந்தச் சுவரொட்டி கல்யாணமா, காதுகுத்தா, கட்சிக் கூட்டமா, சாவா என்று சொல்லிவிடும். மதுரைக்காரர்களைப் போலச் சுவரொட்டி படிப்பவர்கள் வேறெங்கும் இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் சுவரொட்டியிலிருந்து தொடங்குங்கள். ஒரு காதணி விழா சுவரொட்டி கிடைத்தால் வகுப்பில் ஒட்டிவிட்டு, இதில் யார் பெரிய ஆள், எப்படித் தெரியும் என்று மட்டும் கேளுங்கள். விழாவுக்குரிய குழந்தை எவ்வளவு பெரிதாக இருக்கிறது, தாய்மாமன் எவ்வளவு பெரிதாக இருக்கிறார்? மேல் வரிசையில் வட்டத்துக்குள் இருக்கும் தலைகள் யாருடையவை, கீழே பொடிப்பொடியாக இருக்கும் முகங்கள் யாருடையவை? கைகூப்பி நிற்பவர் யாரைப் பார்த்துக் கும்பிடுகிறார்? செல்போனில் பேசிக்கொண்டே நடந்து வருகிற மாதிரி ஒருவர் ஏன் படம் எடுத்துக்கொண்டார்? யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் பதில் சொல்வார்கள். முகத்தின் அளவு மரியாதையின் அளவு. இடம் மாறினால் சண்டையே வரும், அதுவும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை வையுங்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், நடுவில் ஒரே ஒரு முகம், எரிகிற விளக்கு. கட்சித் தலைவரின் பிறந்தநாள் என்றால் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" இருக்கும். அந்த வரியை யாரும் புதிதாக யோசித்து எழுதுவதில்லை. இல்லாவிட்டால்தான் கண்ணை உறுத்தும். குறியீடு, மரபு என்று நீங்கள் கரும்பலகையில் எழுதிப்போடும் இரண்டும் இந்தச் சுவரில் இருக்கின்றன. விளக்கம் அப்புறம் வரட்டும்.

இனி மாட்டுக்கு வருகிறேன். உங்கள் இரண்டு வீடியோக்களையும் நான் பார்க்கவில்லை, ஆனால் அவை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஒன்றில் வாடிவாசலுக்கு எதிரே உயரத்தில் கேமரா. வர்ணனையாளர் மாட்டின் ஊரையும் உரிமையாளர் பெயரையும் பரிசையும் சொல்கிறார். காளை பாய்கிற சில நொடிகளை மெதுவாக ஓட்டி, உறுமிச் சத்தத்தை மேலே ஏற்றியிருப்பார்கள். மற்றதில் கேமரா மாட்டின் கண்ணுக்கும் மூக்கணாங்கயிற்றுக்கும் அருகில் போயிருக்கும். கூட்டத்தின் இரைச்சலை எடுத்துவிட்டு ஒரு வயலினை இழையவிட்டிருப்பார்கள். மாடு இரண்டிலும் ஒன்றேதான்.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர் சுமார் நூறு வருடங்களுக்கு முன் இதைச் செய்து பார்த்தார். மொசூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, ஒருமுறை சூப் கிண்ணத்தோடு ஒட்டினார், ஒருமுறை சவப்பெட்டியோடு ஒட்டினார். பார்த்தவர்கள் அவருடைய பசியையும் துக்கத்தையும் கண்டு, என்ன நடிப்பு என்று வியந்ததாகக் குலெஷோவின் மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது.

இதை வகுப்பில் செய்யலாம். சும்மா நிற்கும் ஒரு காளையின் படம் வேண்டும். அதற்கு அடுத்து ஆரவாரிக்கும் கூட்டத்தை வையுங்கள். ஒரு குழுவுக்கு இதைக் காட்டி, மாடு என்ன நினைக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொரு குழுவுக்குக் காளைக்கு அடுத்து ரத்தக் காயத்தோடு ஒரு பையன். மூன்றாவது குழுவுக்குத் தொழுவத்தில் வைக்கோலோடு நிற்கும் ஒரு பாட்டி. எழுதியதை மாற்றி வாசிக்கும்போது வகுப்பே தானாக விஷயத்துக்கு வந்துவிடும். பள்ளியில் போனுக்கு அனுமதி இல்லையென்றால் அச்சிட்ட படங்களே போதும்.

ஜல்லிக்கட்டில் இது விளையாட்டுக் காரியமாக நிற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். 2013 ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று இடங்களிலும் விலங்குநல வாரியம் கண்காணித்துத் தந்த அறிக்கைகளை, 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பார்க்கலாம். வாலை முறுக்குவதும் கடிப்பதும் அவற்றில் இருக்கின்றன. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்து மதுரை தமுக்கத்தில் கூடியவர்கள் கையில் இருந்த படங்களில் திமிலைத் தழுவிய வீரனும், பிள்ளை போல வளர்த்த மாடும் இருந்தன. 2023 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம், ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழக அரசின் சட்டம் செல்லும் என்றது. இரண்டு பக்கத்துப் படங்களிலும் இருந்தது நடந்ததுதான். எதைப் படத்துக்குள் வைத்தார்கள், எதை வெளியே விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசமே இருந்தது. அலங்காநல்லூர்ப் பிள்ளை ஒருவனும் மாட்டையே தொட்டிராத நகரத்துப் பிள்ளை ஒருத்தியும் இந்தப் படங்களை ஒன்றுபோலப் படிக்க மாட்டார்கள். பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதியதும் இதைத்தான்: அனுப்புகிறவர் நினைத்த பொருளைச் சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்றுப் பாதி மறுப்பார்கள், சிலர் எதிர்த்தே படிப்பார்கள்.

எனக்கு மாட்டை விட முக்கியமாகப் படுகிற இன்னொன்று இருக்கிறது. நம் பக்கத்து நாளிதழ்களில் அடிக்கடி வரும் ஒரு வரி: "இரு தரப்பினர் இடையே மோதல்." இதுவும் ஒரு மரபுதான். தென்மாவட்டங்களில் ஒரு ஊரில் நடந்தது சாதிப்பெயரோடு அச்சானால் அடுத்த ஊரில் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கையில் பிறந்தது. சாதியை அனாவசியமாகக் குறிப்பிடாதீர்கள் என்று பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையும் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நூறு பேர் சேர்ந்து பத்து வீடுகளுக்குள் புகுந்தாலும் அதே வரிதான் வருகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் அந்த வரிக்குள் சமமாகிவிடுகிறார்கள். "மர்ம நபர்கள்", "தாக்கப்பட்டார்", "முன்விரோதம் காரணமாகக் கூறப்படுகிறது" எல்லாம் இதன் உறவுக்காரர்கள். யார் கூறினார்? போலீசா, உறவினரா, நிருபரின் ஊகமா? இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. சாதிப்பெயரை விட்டுவிட்டும், எத்தனை பேர் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று எழுத முடியும். எழுதுகிற நிருபர்களும் இருக்கிறார்கள்.

நூலகத்துக்கு வரும் இரண்டு நாளிதழ்களை எடுத்து, ஒரே சம்பவத்தைக் கட்டம் போட்டுப் பிரித்தெழுதச் சொல்லுங்கள். யார், யாரை, எங்கே, எப்போது, யார் சொன்னது? எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதைக் குறிக்கட்டும். காலியான கட்டத்தைத் தாங்களே நிரப்பக் கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: மேலூர் வட்டாரத்துச் சம்பவத்தை எடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். வேறு மாவட்டம், பழைய செய்தி போதும்.

எல்லாம் பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்கிறீர்கள். சொற்களை மட்டும் கற்றுக்கொண்டால் அப்படி ஆகலாம். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி முழுக்க முழுக்க மரபால் ஆனது, ஆனாலும் அந்த வீட்டில் ஒருவர் இறந்தது உண்மை. ஒரு வகைக்குரிய உத்தியை இன்னொரு வகைக்கு இரவல் வாங்கும்போதுதான் நான் உஷாராவேன். சிசிடிவி காட்சிக்குத் திகில் படத்து இசை எதற்கு? விசாரணையே தொடங்காத வழக்கில் ஒருவர் முகத்தைச் சிவப்பு வட்டம் போட்டு, வில்லன் அறிமுகம் மாதிரி நிறுத்தி நிறுத்திக் காட்டுவது எதற்கு? பழைய காட்சியை ஓட்டும்போது மூலையில் "கோப்புக் காட்சி" என்று போட்டிருக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுகிற பிள்ளை, ஒழுங்காகச் செய்யப்பட்ட செய்தியையும் அடையாளம் கண்டுகொள்ளும். மன்றத்தில் மாதம் ஒருமுறை அப்படி ஒரு நல்ல செய்தியையும் எடுத்துப் பேசுங்கள். நிருபர் யாரைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டினார், எந்த ஆவணத்தைப் பார்த்தார், மறுதரப்பைக் கேட்டாரா என்று பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டட்டும்.