முழங்கையைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

சமீபமாக ஒருநாள் சைக்கிள் பந்தயங்களைப் பார்க்கிறேன். ஒருவர் முன்னால் மாங்கு மாங்கென்று மிதிக்கிறார். இன்னொருவர் அவர் பின்சக்கரத்தை ஒட்டியே வந்து, கடைசி 200 மீட்டரில் முந்திக் கோப்பையை வாங்கிக்கொள்கிறார். இது ஏமாற்று வேலை இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்று இல்லை. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில், வீரரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் கணிசமான சக்தி மிச்சம். முன்னால் போகிறவருக்கும் இது தெரியும். கொஞ்ச தூரம் காற்றைத் தாங்கிப் பின்னவரை இழுத்துவிட்டு, லேசாக ஒதுங்கி, முழங்கையை வெடுக்கென்று ஆட்டுவார். ‘இப்போது நீ வா’ என்று அர்த்தம். அடுத்த முறை அந்த முழங்கையைக் கவனியுங்கள். கூப்பிட்டும் பின்னால் இருப்பவர் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். எனக்குப் பந்தயமே அங்கேதான் இருக்கிறது.

2021 அக்டோபர் 2. பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-ரூபே என்ற ஒருநாள் பந்தயம், முதல்முறையாகப் பெண்களுக்கு. 116 கிலோமீட்டர், அதில் 17 இடங்களில் பழைய கருங்கல் பாவிய பாதை, மேலே சேறு. இங்கிலாந்தின் லிசி டீக்னன் முதல் கல்பாதைக்குச் சற்று முன்பே தனியாகக் கிளம்பிவிட்டார். இன்னும் 82 கிலோமீட்டர் பாக்கி! துரத்தியவர்களுக்கு நடுவில் அவருடைய அணியைச் சேர்ந்த எலிசா லோங்கோ போர்கினியும் இருந்தார். அவர் எதற்காக முன்னால் வந்து இழுக்க வேண்டும்? இழுத்தால் சொந்த அணிக்காரரையே அல்லவா பிடித்துக் கொடுப்பார்? அங்கே ஒட்டிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. டீக்னன் ஜெயித்தார். மரியான் வோஸ் 1 நிமிடம் 17 விநாடி பின்னால் இரண்டாவது, லோங்கோ போர்கினி மூன்றாவது.

சரி, அணிக் காரணம் எதுவும் இல்லாமல், தெம்பும் இருந்து, ஒரு முறைகூட முன்னால் வராமல் ஜெயிப்பவர்களும் உண்டு. விதி அவர்களைத் தடுக்காது. ஆனால் அப்படி ஜெயித்தவருக்கு என்னால் கை தட்ட முடிந்ததில்லை. அந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

இன்னொன்று, அந்தக் கற்களில் பின்னால் வருவதும் சுகமில்லை. முன்னால் போகிறவரின் சக்கரம் மறைப்பதால் அடுத்த கல் எங்கே பெயர்ந்து கிடக்கிறது என்று தெரியாது. முன்னவர் சறுக்கினால் நீங்களும் அவர்மேல்தான் விழுவீர்கள். டீக்னனுக்குப் பாதை முழுக்கத் தெரிந்தது. ஒதுங்கத்தான் ஒரு முதுகு இல்லை. அவர் கையுறை போட்டிருக்கவில்லை. பந்தயம் முடியும் ரூபே மைதானத்துக்குள் நுழைந்தபோது, ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த நாடாவில் அவர் உள்ளங்கை ரத்தம் படிந்திருந்தது.