மூட்டுவாதச் செயலிகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

இருபது வருடம் மருந்தாளராக வேலை பார்த்தவள், பதினொரு வருடமாக எனக்கே முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). எந்தச் செயலிக்காரரிடமும் ஒரு வெள்ளிகூட வாங்கியதில்லை. மூட்டுவாதக்காரர்களுக்கான கைப்பேசிச் செயலிகள் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

4.8 நட்சத்திரம் வாங்கிய செயலியை நம்பிப் போடலாமா அக்கா? (செங்காங்)

நட்சத்திரத்தை விடுங்கள். திரை அழகாக இருந்தாலே ஐந்து போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். செய்தது யார், பணம் போட்டது யார், வாதநோய் மருத்துவரும் நோயாளிகளும் அதில் கலந்துகொண்டார்களா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், நாம் எழுதும் தகவல் யாருக்குச் சொந்தம், இதைப் பாருங்கள். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது. செயலிகளை மதிப்பிட மார்ஸ் என்று 23 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றும் இருக்கிறது, 2015இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். ஆனால் அது ஆய்வாளர்களுக்கானது, நமக்கு அவ்வளவு வேண்டாம். பதிவிறக்கும் பக்கத்தில் கீழே போய்த் தேதியைப் பாருங்கள், இரண்டு வருடமாக யாரும் தொடவில்லை என்றால் அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கடி மறந்துவிடுகிறார், நல்ல நினைவூட்டும் செயலி எது? (ஜூரோங் வெஸ்ட்)

தம்பி, இந்த ஒரு மருந்துக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும், தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிர் போனவர்கள் உலகத்தில் உண்டு. மாத்திரைச் செயலிகள் பலவற்றில் மருந்தின் பெயரைப் போட்டதும் தானாகவே 'தினமும்' என்று வந்து நிற்கும். நானே அதைக் கவனிக்காமல் அழுத்திவிட்டேன். புதன்கிழமை சாப்பிட்டு, வியாழன் இரவு மணி அடித்ததும் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன், மருந்தாளருக்கே இந்தக் கதி! அதனால் 'புதன் மட்டும்' என்று கிழமை குறிக்க முடியாத செயலியை உடனே அழித்துவிடுங்கள். 'சாப்பிட்டாச்சு' என்று அழுத்தும்வரை திரும்பத் திரும்ப அடிக்கிற வகையும் ஆபத்து, அழுத்த மறந்தவர் இன்னொரு தடவை சாப்பிட்டுவிடுவார். அப்புறம் 10 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரையில் நான்கு. எண்ணிக்கையையும் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

யூரிக் அமிலம் 480 என்று போட்டால் செயலி ஏற்க மறுக்கிறது, 20க்கு மேல் போகாதாம். எனக்குக் கவுட், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம். (உட்லண்ட்ஸ்)

உங்கள் எண்ணிலும் தப்பில்லை, செயலியிலும் தப்பில்லை, அலகுதான் வேறு. இங்கே ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு மைக்ரோமோலில் கொடுக்கின்றன, அந்தச் செயலி இந்தியா, அமெரிக்கா பக்கம்போல டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் கேட்கிறது. 60ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8 வரும். தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்குப் பொதுவாக 6க்குக் கீழே, அதாவது நம் கணக்கில் 360க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். அலகை மாற்றிக்கொள்ள இடம் தருகிற செயலியாகப் பாருங்கள்.

படத்தில் வலிக்கிற மூட்டுகளைத் தொட்டால் மதிப்பெண் தருகிறது. நன்றாகக் குறைந்திருக்கிறது, மருந்தைக் குறைக்கலாமா? (பீஷான்)

கூடாது. முடக்குவாதம் எவ்வளவு தீவிரம் என்று அளக்கிற டாஸ்28 என்கிற அந்தக் கணக்கு 28 மூட்டுகளைத்தான் எண்ணும், கணுக்காலும் பாதமும் அதில் கிடையாது. பாதம் வீங்கி எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் ஏற முடியாமல் நிற்கும்போதும் மதிப்பெண் அழகாக இருக்கும். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி ரத்த அளவும் அதற்கு வேண்டும். அதைக் கேட்காமலே டாஸ்28 என்று ஒரு எண்ணைக் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான். எண்ணைவிட, வாரா வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கோடு முக்கியம். மூன்று மாதக் கோட்டை ஒரே பக்கத்தில் காட்டினால் மருத்துவர் பார்ப்பார், பத்துப் பக்கம் நீட்டினால் அவருக்கு நேரம் இருக்காது. நான் செயலியைத் தேர்ந்தெடுப்பதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் செயலி போதாதா?

ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் பலதுறை மருந்தக முன்பதிவுக்கும் போதும். காலையில் விரல் எத்தனை நிமிடம் மடங்கவில்லை என்று எழுதிவைக்க வேறு ஏதாவது வேண்டும். அம்மா அப்பாவுக்குப் பார்ப்பதென்றால் பராமரிப்பாளர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அரசாங்கச் சேவைகளுக்கு உள்நுழையும் சிங்பாஸ் கடவுச்சொல்லைக் குடும்பம் முழுக்கச் சொல்லிவைக்காதீர்கள்.

வலிக்குறிப்புச் செயலி என் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது.

எதற்காம்? மறுத்துவிடுங்கள். மறுத்தால் திறக்கமாட்டேன் என்றால் அழித்துவிடுங்கள்.

பொத்தான்கள் சின்னதாக இருக்கின்றன, விரல் ஒத்துழைக்கவில்லை. வயது 71. (தோ பாயோ)

அம்மா, தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி பல கைப்பேசிகளில் இருக்கிறது, பேரப்பிள்ளையிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சிரமம் என்றால் செயலியே வேண்டாம். என் மாமியார் வலி கூடின நாளுக்கு நாள்காட்டியில் சிவப்புப் புள்ளி வைக்கிறார், போன தடவை மருத்துவர் அதைத்தான் கையில் வாங்கிப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தார்.