முதலில் தம்பியின் வயதை நிரூபியுங்கள்

சகோதரி, அடிதடி வழக்கில் சிக்கிய 17 வயதுத் தம்பிக்கு 19 என்று எழுதிச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் பதறியது. ஜாமீனுக்கு அலைவதற்கு முன் வயதைப் பிடியுங்கள். பிறந்த தேதி அச்சான பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு, சம்பவ நாளில் அவனுக்கு 18 நிரம்பவில்லை என்று அவனைச் சிறைக்கு அனுப்பிய அதே மாஜிஸ்திரேட்டிடம் வழக்கறிஞர் மனுப் போடட்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் வழக்கின் எந்தக் கட்டத்திலும் இதைக் கேட்கலாம். பள்ளிச் சான்றிதழ் இருக்கும்போது வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனைக்கு வேலையே இல்லை. அதை அழுத்திச் சொல்லுங்கள். சிறுவன் என்று முடிவானால் வழக்கு, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே ஜாமீன்தான் விதி. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றீர்களே, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். நாளைக் காலையிலேயே போய்விடுங்கள்.