பெரிய பேண்டுக்கு முன்னால் வாசிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கொழும்பிலிருந்து பழைய ப்ளூஸ்-ரொக் பேண்ட் ஒன்று மலைநாட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் அவர்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்துப் புதுப் பேண்ட் ஒன்று ஏறும். அப்படி ஏறப்போகிறவர்கள் கேட்டவையும் பதில்களும்.

ஹட்டன்: அண்ணே, 30 நிமிஷம் தந்திருக்கிறார்கள். எத்தனை பாட்டு வைக்கலாம்?

ஐந்து. ஆறாவது ஒன்றை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைத் தின்பது சோலோதான். நிமிஷத்துக்கு 60 அடி வேகத்தில் போகும் ஸ்லோ ப்ளூஸில் 12 பார் (பாருக்கு நாலு அடி) ஒரு சுற்றுக்கு 48 விநாடி. கிட்டார்காரர் ஐந்து சுற்று ஓடினால் நாலு நிமிஷம் சரி. யாருக்கு எத்தனை சுற்று என்று பயிற்சியிலேயே முடிவாக வேண்டும். E சுருதியில் மூன்று ஷஃபிளை (துள்ளி நடக்கும் தாளப் பாட்டு) அடுத்தடுத்து வைக்க வேண்டாம், கேட்பவர்களுக்கு ஒரே பாட்டு போலவே இருக்கும். மெயின் பேண்ட் என்னென்ன பழைய பாட்டு வாசிக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அவற்றைத் தொடாமல் விடுங்கள்.

தலவாக்கலை: அவர்களுடைய ட்ரம்ஸையே பாவிக்கச் சொல்கிறார்கள். நாங்கள் எதைக் கொண்டுபோவது?

ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல், குச்சி. உடையக்கூடியதும் காலுக்குப் பழகியதும் உங்களுடையதாக இருக்க வேண்டும். சிம்பல் ஸ்டேண்டுக்கான ஃபெல்ட்டும் விங் நட்டும் நாலைந்து, ஒரு ட்ரம் கீ, கறுப்பு டேப் ஒரு உருளை. அநேகமாகக் காணாமல் போவது இவைதான். டொம் எதையாவது நகர்த்தத்தான் வேண்டுமென்றால், முதலில் அவர்களுடைய ட்ரம்மரிடம் கேளுங்கள். பிறகு கால் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டு நகர்த்துங்கள். ஸ்டூல் உயரத்துக்கும் அதே போல் தண்டில் ஒரு துண்டு டேப்.

அதே ஊர்: எங்கள் சவுண்ட் செக்கை ஏன் கடைசியில் வைக்கிறார்கள்?

அது உங்களுக்கு நல்லது. கடைசியில் செக் பண்ணுபவர்தான் முதலில் வாசிப்பார், வைத்தது வைத்தபடி இருக்கும். டிஜிட்டல் மிக்சர் என்றால் இரண்டு பேண்டுக்கும் தனித்தனி சீன் (எல்லா அளவுகளும் சேர்ந்த பதிவு) சேமித்துவிடலாம். பழைய 16 சேனல் அனலொக் மிக்சர் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். ட்ரம்ஸும் பேஸும் இரண்டு பேண்டுக்கும் பொது, அந்த கெய்னை, அதாவது உள்ளே வரும் சத்த அளவை, யாரும் தொடக்கூடாது. உங்கள் குரலுக்கும் கிட்டாருக்கும் மட்டும் தனிச் சேனல் கேளுங்கள். இதை அன்று பின்னேரம் போய்க் கேட்டால் நடக்காது. எந்தச் சேனலில் எது, யார் எங்கே நிற்பது, எங்கே பிளக் வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி ஒரு வாரத்துக்கு முன் அனுப்புங்கள்.

நுவரெலியா: கிட்டார் சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது. கம்பி பிழையா?

கம்பியில் பிழையில்லை, குளிர்தான். எஃகுக் கம்பி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும், மேடை லைட் சூட்டில் நீண்டு இறங்கும். வேனில் குளிர்ந்து வந்த கிட்டாரை உள்ளே வந்ததும் திறந்தால் ஈரமும் படியும். கேஸை மூடியபடியே அரை மணித்தியாலம் மண்டபத்துக்குள் வையுங்கள். பிறகு திறந்து, லைட் எரியும் மேடையிலேயே சுருதி சேருங்கள். புதுக் கம்பியை அன்று போட வேண்டாம், முதல் நாளே போட்டு இழுத்து விடுங்கள். மவுத் ஓர்கனை ஏறும் வரை சட்டைக்குள் வைத்திருங்கள். குளிர்ந்த ரீட்டில் மூச்சின் ஈரம் படிந்தால் அந்தச் சுரம் ஒட்டிக்கொள்ளும். E-யில் வாசிக்க A ஓர்கன், G-க்கு C. ஒவ்வொன்றிலும் ஒன்று உதிரி.

வெலிமடை: ஒரு பாட்டுக்கு மட்டும் ஸ்லைட் (விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிப்பது). மேடையிலேயே ஓப்பன் E-க்கு (எதையும் அழுத்தாமலே E கோர்ட் ஒலிக்கும் சுருதி) மாற்றலாமா?

வேண்டாம். ஐந்தாவது கம்பியும் நாலாவது கம்பியும் ஒரு முழுச் சுரம் ஏற வேண்டும், மூன்றாவது அரை. கழுத்து இழுபட்டு மற்றக் கம்பிகளும் விலகும். இரண்டாவது கிட்டார் இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கம்பிகளை இறக்கி ஓப்பன் D வைத்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) போடுங்கள். அந்தப் பாட்டு முதலாவதாகவே இருக்கட்டும்.

பண்டாரவளை: அமெரிக்காவிலிருந்து வந்த வால்வ் (கண்ணாடிக் குழாய்) அம்ப், 120 வோல்ட். இங்கே போடலாமா?

நேரே போட்டால் ஃபியூஸ் போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். நமக்கு 230 வோல்ட். இறக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் வேண்டும். 40 வொட் அம்புக்கு 500 விஏ-க்குக் குறையாமல் எடுங்கள், எர்த் உள்ளதாகப் பாருங்கள். அது வோல்ட்டை மட்டுமே மாற்றும், 50 ஹேர்ட்ஸ் அப்படியே இருக்கும். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமே செய்த அம்ப் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், பின்பக்கம் காற்றோட்டம் விடுங்கள். மாற்றிய ஃபியூஸும் போனால் பெரும்பாலும் பவர் வால்வ் போய்விட்டது. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றும் வேலையே கூடாது. இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவதும் அதே ரகம். கையில் கிட்டார், உதட்டில் மைக் என்று நிற்பவருக்குத்தான் ஷொக் அடிக்கும். மிக்சருக்குச் சிக்னல் அனுப்பும் டிஐ பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

பதுளை: எங்கள் தோட்டத்துத் தப்பை (பறை) ஒரு ஷஃபிள் பாட்டில் சேர்க்க ஆசை. ஒத்துவருமா?

தாராளமாக. ஷஃபிளுக்குள் ஓடும் மும்மூன்று அடி தப்புக்காரருக்குப் புதிதல்ல. ஆனால் ட்ரம்மர் ஹைஹெட்டைக் குறைக்க வேண்டும், இரண்டும் ஒரே சுருதி உயரத்தில் கிடந்து அடித்துக்கொள்ளும். சிக்கல் தோலில்தான் இருக்கிறது. பனியில் தொய்ந்துவிடும், மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். வெளியே காய்ச்சி, துணியில் சுற்றி உள்ளே கொண்டுவாருங்கள். காய்ச்சிய இறுக்கம் நெடுநேரம் நிற்காது, அதனால் தப்புப் பாட்டை முதலில் அல்லது இரண்டாவதில் வையுங்கள். இரண்டாவது தப்பு ஒன்றைப் பக்கத்தில் ஹேர் டிரையரோடு தயாராக வைத்திருந்தால் இன்னும் நல்லது. மைக் ஒன்று போதும், தோலின் நடுவை விட்டு ஓரத்தைப் பார்க்க ஒரு சாண் தள்ளி. குச்சி வீசும் பக்கத்தில் ஸ்டேண்டை வைக்காதீர்கள்.

கம்பளை: முன்னால் வாசிப்பவர்களின் சத்தத்தை வேண்டுமென்றே குறைப்பார்களாமே?

சில இடங்களில் நடப்பதுதான். ஆனால் பாதி நேரம் குற்றம் மேடையிலேயே இருக்கும். 300 பேர் கொள்ளும் மண்டபத்தில் 100 வொட் அம்பைத் திறந்துவிட்டால் பாட்டுக்காரரின் குரலை யாராலும் மேலே கொண்டுவர முடியாது. 15, 20 வொட் கொம்போவை (ஸ்பீக்கரும் சேர்ந்த அம்ப்) ஒரு கதிரையில் ஏற்றி, உங்கள் காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். நீங்களே குறைத்துவிடுவீர்கள்.

முன்னால் வாசிப்பது கீழ் இடம் என்று நினைப்பவர்களுக்கு: 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கா சுற்றியபோது முன்னால் வாசித்தவர்களில் ப்ளூஸ் மேதை பி.பி. கிங் ஒருவர். 1979-இல் எரிக் க்ளாப்டனுக்கு முன்னால் ஏறியவர் இன்னொரு ப்ளூஸ் மேதை மடி வோட்டர்ஸ். பொருத்தம்தான் முக்கியம். 1967-இல் டிவி தொடருக்காகச் சேர்த்த போப் பேண்டான மங்கீஸுக்கு முன்னால் ரொக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை விட்டார்கள், வந்திருந்த சின்னப் பிள்ளைகள் மங்கீஸைத்தான் கேட்டுக் கத்தினார்கள். கொஞ்ச நாளில் அவர் விலகிவிட்டார்.

மஸ்கெலியா: முடிந்ததும் முதலில் என்ன செய்வது?

அம்பை ஸ்டேண்ட்பையில் போடுங்கள், பெடல்போர்டை வயரோடு அப்படியே தூக்குங்கள், சிம்பல்களை ஸ்டேண்டோடு பின்னால் கொண்டுபோங்கள். கேபிள் சுற்றுவது, கழற்றுவது, கைகொடுப்பது எல்லாம் திரைக்குப் பின்னால். மாற்றத்துக்கு 15 நிமிஷம் என்றால் உங்கள் பங்கு அதில் ஐந்துதான், மீதி அவர்களுக்கு.